ஒரு பருவத்தின் பூ

பாடம் 9 – உரைநடை

நுழையும் முன்

உங்கள் வீட்டு முற்றத்திலோ மாடி முகப்பிலோ நீங்களே விதைத்து வளர்த்த செடி ஏதேனும் உண்டா? அது இப்போது எங்கே இருக்கிறது? இரண்டு வரிகளில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பாடத்தைப் படிக்கத் தொடங்குங்கள்.

பாடம்

மாணவர்களே, நம்மில் பலருடைய பெற்றோர் நடுவண் அரசுப் பணியில் இருப்பவர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறையோ ஊர் மாற வேண்டியிருக்கும். அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் தோட்டத்தைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

அவள் குவாலியரில் இருந்தபோது ஒரு மாங்கன்று நட்டாள். அது இடுப்பளவு உயர்ந்தபோது தந்தைக்கு வதோதராவுக்கு மாற்றல் வந்தது. வதோதராவில் கறிவேப்பிலைக் கன்று நட்டாள். அதன் கொத்து ரசத்தில் விழும் காலம் வருவதற்குள் தில்லிக்கு மாற்றல் வந்தது. தில்லிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நான்கு முழ நீளத்துக்கு மண்தரை கிடைத்தபோது, "இனி எதுவும் நடமாட்டேன், அம்மா. நான் நட்டதை வேறு யாரோதான் பறிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டாள்.

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, "மரம் வேண்டாம், கண்ணு. ஒரு பருவத்திலேயே முளைத்து, பூத்து, விதைத்து முடிகிற செடியாகப் பார்த்து வை. போகும்போது விதையை முடிந்து எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார்.

அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் காஸ்மாஸ்.

எங்கிருந்து வந்தது?

காஸ்மாஸின் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து ஸ்பெயின் நாட்டுக்குச் சென்ற விதைகள் மத்ரீத் நகரத்துத் தோட்டத்தில் முளைத்தன. அன்டோனியோ ஹோசே கவனியேஸ் என்னும் தாவரவியலார் 1791ஆம் ஆண்டு இச்செடிக்குக் காஸ்மாஸ் என்று பெயரிட்டு நூலில் பதிவு செய்தார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு ஒழுங்கு, அணி, உலகம் என்னும் பொருள்கள் உண்டு. இதழ்கள் வட்டமாக, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் அமைந்திருப்பதைப் பார்த்தால் ஒழுங்கு என்னும் பொருள் பொருத்தமாகவே தோன்றும்.

தமிழில் இதற்குப் பழைய பெயர் எதுவும் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அவர் காலத்தில் இது கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே நாமும் காஸ்மாஸ் என்றே அழைக்கிறோம். அதற்காக இதை அயலார் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. மாலையில் தொடுக்கும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். நம் குழம்பில் இடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

போன இடமெல்லாம் காஸ்மாஸ் வேரூன்றிக்கொண்டது. ஜப்பானியர் இதனை 'இலையுதிர்காலச் செர்ரி' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகின்றனர். தென்னாப்பிரிக்காவின் மேட்டுநிலச் சாலையோரங்களில் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் இது கூட்டங்கூட்டமாகப் பூக்கும். 1899 முதல் 1902 வரை அங்கு நடந்த போரின்போது குதிரைகளுக்காக இறக்குமதியான தீவனத்தில் இதன் விதைகள் கலந்து வந்தன என்று சொல்வார்கள். நம் நாட்டிலும் இமயமலைச் சரிவுகளில் யாரும் விதைக்காமலே சாலையோரமாக முளைத்து நிற்பதைக் காணலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு இனங்கள் பெரிதும் பயன்படுகின்றன. காஸ்மாஸ் பைபின்னேட்டஸ் என்பது வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு நிறங்களில் பூப்பது. இதன் இலைகள் நூல் நூலாகப் பிரிந்து இறகு போல் இருக்கும். காஸ்மாஸ் சல்ஃபூரியஸ் என்பது மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் பூப்பது. இலை சற்று அகலம், வெயிலைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு. மலேசியாவில் அதன் இளந்தளிரை 'உலாம் ராஜா' என்று அழைத்துச் சோற்றுடன் பச்சையாக உண்பார்கள். உங்கள் தொட்டியில் உள்ளது அந்த இனம் அன்று. ஆகவே தின்று பார்க்க வேண்டா.

எப்போது, எப்படி விதைப்பது?

தில்லி போன்ற வட இந்திய நகரங்களில் இளஞ்சிவப்புக் காஸ்மாஸைச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதைப்பது நல்லது. மழை ஓய்ந்து, வெயில் தணிந்து, குளிர் இன்னும் இறங்காத காலம் அது. மஞ்சள் காஸ்மாஸைப் பிப்பிரவரி, மார்ச்சிலும், மீண்டும் சூன், சூலையிலும் விதைக்கலாம். பனி உறையும் குளிரை இரண்டுமே தாங்கமாட்டா.

நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழலில் வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீண்டு சாயும். மண்ணைக் களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் கொத்திப் பொலபொலப்பாக்குங்கள். (தில்லியில் 'குர்பி' என்று நீங்கள் கேட்டு வாங்கும் கருவிதான் களைக்கொத்து. 'கம்லா' என்பது தொட்டி.) தொட்டியாயின் ஓரடி வாயுள்ளதாக, அடியில் நீர் வடியும் துளையுள்ளதாக இருக்க வேண்டும்.

விதை மெலிந்து, சற்றே வளைந்து, கருமையாக இருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, மெல்ல மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளியுங்கள். குழாய் நீரை நேரே பாய்ச்சினால் விதைகள் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளை தோன்றும். நாற்றுகள் ஒரு விரல் உயரம் வந்ததும், செடிக்குச் செடி ஓரடி இடைவெளி இருக்குமாறு நெருக்கமானவற்றைக் களைந்துவிடுங்கள். இதைச் செய்யப் பலருக்கு மனம் வராது. ஆனால் நெருக்கி நிற்கும் செடிகளிடையே காற்றோட்டம் குறைந்து, இலைகளில் வெண்மையான சாம்பல் நோய் படரும்.

செடி ஓரடி உயரம் எட்டும்போது அதன் நுனியைக் கிள்ளுங்கள். ஒற்றைத் தண்டாக ஓங்குவதற்குப் பதிலாகப் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளை பெருகினால் பூவும் பெருகும். விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் முதற்பூவை எதிர்பார்க்கலாம். பகற்பொழுது குறையக் குறைய இச்செடி விரைந்து பூக்கும் இயல்புடையது.

முதலாண்டு நேர்ந்தது

நம் மாணவிக்கு முதலாண்டில் இவை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் அவள் ஒன்றை மிகையாகச் செய்தாள். ரோசாவுக்கு இடுவது போல் இரண்டு கூடைத் தொழுவுரமும், வாரந்தோறும் மண்புழு உரமும் இட்டாள். அண்டை வீட்டார் வியக்கும்படி செடிகள் அவள் தோளுயரம் வளர்ந்தன. திசம்பர் வந்தது; பூ வரவில்லை. சனவரி வந்தது, எங்கும் பச்சை இலையே. பிப்பிரவரியில் பெய்த ஒரு மழையில், தண்டு கனம் தாங்காமல் அத்தனையும் சாய்ந்தன. சாய்ந்த கிளைகளில் ஆறோ ஏழோ பூக்கள் மட்டும் இருந்தன.

"நான் குறைவாகவா கவனித்தேன்?" என்று அவள் அழுதாள்.

குறைவாகக் கவனித்திருந்தால் பூத்திருக்கும் என்பதே உண்மை. உரத்திலுள்ள தழைச்சத்து மிகும்போது செடி தன் ஆற்றலை இலைக்கும் தண்டுக்குமே செலவிடும். சோர்ந்த மண்ணிலும், அளவான நீரிலும், 'இனிக் காலம் இல்லை, விதைத்துவிட வேண்டும்' என்னும் நெருக்கத்தில்தான் காஸ்மாஸ் நிறையப் பூக்கிறது. விதைக்கும்போது ஒரு கைப்பிடி மட்கிய உரம் மண்ணில் கலந்தால் போதும். பின்னர் எதுவும் வேண்டா. நீரும் அப்படியே. மேல்மண் இரண்டு விரல் ஆழம் உலர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். அன்பு மிகுந்தவர்களிடம் இச்செடி பெரும்பாலும் தோற்றுப்போகிறது என்பது தோட்டக்காரர்கள் நன்கு அறிந்த செய்தி.

மறு ஆண்டு அவள் உரக்கூடையைத் தொடவேயில்லை. திசம்பர் இறுதியில் முதல் அரும்பு தோன்றியது.

பூவைப் பாருங்கள்

தமிழில் ஒரு பூவின் வாழ்வை ஏழு சொற்களால் பகுத்திருக்கிறார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். தோன்றும் நிலை அரும்பு. திரளும் நிலை மொட்டு. முகிழ்க்கும் நிலை முகை. பூத்த நிலை மலர். நன்கு விரிந்த நிலை அலர். வாடும் நிலை வீ. வதங்கிய இறுதி நிலை செம்மல். ஒரு காஸ்மாஸ் செடியில் ஒரே காலையில் இந்த ஏழு நிலைகளையும் காண முடியும். வேறு மொழியில் பேசும் உங்கள் நண்பருக்கு இவற்றைச் சொல்லிக் காட்டுங்கள். அவருடைய மொழியில் எத்தனை சொற்கள் உண்டு என்று கேளுங்கள்.

இன்னொரு வியப்பும் இருக்கிறது. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூ அன்று. பல சிறுமலர்களின் தொகுதி. இதனைத் தலைமஞ்சரி என்பர். சூரியகாந்தியும் சாமந்தியும் இந்தக் குடும்பமே. ஓரத்தில் வண்ணமாக விரிந்திருக்கும் எட்டு 'இதழ்களும்' எட்டுக் கதிர்ச் சிறுமலர்கள். அவை பூச்சிகளை அழைப்பதோடு சரி, விதை தருவதில்லை. நடுவில் மஞ்சள் புள்ளிகளாக நெருங்கியிருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி நாளுக்குச் சிலவாக அவை விரியும். விதை அவற்றில்தான் உண்டாகிறது. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். எனக்கு இச்செடியில் மிகவும் பிடித்த காட்சி இதுவே.

பூ நீடிக்க வேண்டுமானால் வீ நிலைக்கு வந்தவற்றைக் காம்போடு கிள்ளிவிட வேண்டும். விதை உண்டாகிவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தளிர்களில் அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். மருந்து தெளித்தால் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் வாரா.

விதையும் பயணமும்

அவ்வாண்டு பிப்பிரவரியில் தந்தைக்குப் புணேவுக்கு மாற்றல் ஆணை வந்தது. ஆண்டுத்தேர்வு முடிந்ததும் புறப்பட வேண்டும். அன்றிலிருந்து அவள் பூக்களைக் கிள்ளுவதை நிறுத்தினாள். கதிர்ச் சிறுமலர்கள் உதிர்ந்தபின் விதை முற்ற மூன்று, நான்கு வாரமாகும். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். புறப்படும் நாளில் பாதித் தலைகள் பழுத்துக் கறுத்திருந்தன. மீதி பச்சையாகவே இருந்தன. சாமான் வண்டி வாயிலில் நிற்க, கிடைத்ததை எல்லாம் அவசரமாக உருவி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டாள். ஒரு கைப்பிடியைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியின் கையில் கொடுத்து, "தாதிஜி, இவற்றை உங்கள் தொட்டியில் போட்டு வையுங்கள்" என்றாள்.

புணேயில் அவர்களுக்கு நான்காம் மாடியில் வீடு. செப்டம்பரில் பையைத் திறந்தபோது பூஞ்சை நாற்றம் அடித்தது. ஈரத்தோடு கட்டியதால் விதைகள் கெட்டிருந்தன. நாற்பது விதைத்ததில் ஒன்றே ஒன்று முளைத்தது.

அந்த ஒற்றைச் செடியை அவள் கண்போல் காத்தாள். நவம்பரில் அது நன்றாகவே பூத்தது. இருபது பூக்களுக்கு மேல்! ஆனால் சனவரியில் தலைகளைப் பிரித்துப் பார்த்தபோது எல்லாம் பதர். விரலால் அழுத்தினால் நசுங்கும் வெற்று உறைகள். இம்முறை அவள் என்ன பிழை செய்தாள்?

எந்தப் பிழையும் இல்லை. இளஞ்சிவப்புக் காஸ்மாஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூலகமுடியில் விழுந்தால் அது வளராமல் நின்றுவிடும். வேறொரு செடியின் மகரந்தம் பூச்சியின் காலில் ஒட்டி வந்தால்தான் விதை பிடிக்கும். இதனை அயல் மகரந்தச் சேர்க்கை என்பர். நான்காம் மாடியில், அக்கம்பக்கத்தில் வேறு காஸ்மாஸே இல்லாத இடத்தில், தேனீக்கள் வந்தும் பயனில்லை. உயிரியல் ஆசிரியர் இதை விளக்கியபோது, "அப்படியானால் குறைந்தது இரண்டு செடி வேண்டுமா, ஐயா?" என்று கேட்டாள். "இரண்டைவிட நான்கைந்து இருந்தால் நல்லது" என்றார் அவர்.

ஆனால் விதைக்க அவளிடம் ஒரு விதைகூட மீதி இல்லை. கடையில் விதையுறை கிடைக்கும். தில்லியில் அவள் பூக்க வைத்த செடியின் விதை கிடைக்காது. அன்றிரவு தாதிஜிக்கு இந்தியில் ஒரு கடிதம் எழுதினாள்.

பல வாரம் மறுமொழி வரவில்லை. ஏப்பிரலில், பரீட்சை எல்லாம் முடிந்தபின், ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்த நான்கு பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் நன்கு உலர்ந்த, கருத்த விதைகள். அவள் கொடுத்த கைப்பிடியைத் தாதிஜி தொட்டியில் போட்டிருக்கிறார். அவள் வீட்டின் பழைய மண்தரையிலும் உதிர்ந்த விதைகள் தாமாகவே முளைத்துப் பூத்திருக்கின்றன. அவ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், களை என்று பிடுங்கப் போனவர்கள், தாதிஜி தடுத்ததால் விட்டுவைத்திருக்கிறார்கள். 'மார்ச்சு முடியும்வரை காத்திருந்தேன், மகளே. பச்சையாகப் பறித்தால் கெட்டுப்போகும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? தாளில் பரப்பி, நிழலில் பத்து நாள் உலர்த்திய பிறகே அனுப்புகிறேன். இவை உன் பூக்களின் பிள்ளைகள்' என்று எழுதியிருந்தார்.

ஆகஸ்டு இறுதியில், பெருமழை ஓய்ந்ததும், அவள் மாடி முகப்பில் ஐந்து தொட்டிகளை வரிசையாக வைத்தாள். செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பினாள். தொட்டிக்கு மூன்று விதையாக ஊன்றினாள். ஒரு பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல், தேதி எழுதி, பாடப்புத்தகங்களுக்கு இடையில் வைத்துக்கொண்டாள்.

சொல்லும் பொருளும்

முற்றம் – வீட்டின் முன்புறத் திறந்தவெளி
மாற்றல் – பணியிட மாறுதல்
களைக்கொத்து – களை எடுக்கவும் மண் கிளறவும் பயன்படும் கைக்கருவி
பூவாளி – துளைகளுள்ள மூக்குடைய நீர்ச்சொரிகலம்
தழைச்சத்து – இலை, தண்டு வளர்ச்சிக்கு உதவும் மண்ணூட்டம்
அசுவினி – தளிரில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி
பதர் – உள்ளீடு இல்லாத தானியம் அல்லது விதை
சூலகமுடி – மகரந்தத்தை ஏற்கும், சூலகத்தின் நுனிப்பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாணவி "இனி எதுவும் நடமாட்டேன்" என்று சொன்னது ஏன்?
2. காஸ்மாஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள்கள் யாவை?
3. முளைத்த நாற்றுகளில் சிலவற்றைக் களைவது ஏன்?
4. கதிர்ச் சிறுமலருக்கும் வட்டத்தட்டுச் சிறுமலருக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஆ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. முதலாண்டில் செடிகள் ஓங்கி வளர்ந்தும் பூக்காமல் போனதன் காரணத்தை விளக்குக.
2. புணேயில் பூத்த ஒற்றைச் செடி விதை தராதது ஏன்?
3. விதைகளைச் சேமித்ததில் மாணவி செய்ததையும் தாதிஜி செய்ததையும் ஒப்பிடுக.

இ. பூவின் நிலைகளை வரிசைப்படுத்துக.
அலர், மொட்டு, செம்மல், அரும்பு, வீ, முகை, மலர்

ஈ. பிரித்து எழுதுக.
தழைச்சத்து, செம்மண், விதையுறை, முதற்பூ, பூவாளி

உ. பின்வரும் இந்திச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களை எழுதுக. பட்டியலில் இன்னும் மூன்று சொற்களை நீங்களே சேர்க்க.
குர்பி, கம்லா, பீஜ், மிட்டி, காத், பூல்

ஊ. கடிதம் எழுதுக.
நீங்கள் முன்பு வாழ்ந்த ஊரிலோ உங்கள் சொந்த ஊரிலோ உள்ள ஒருவரிடம், அங்குள்ள ஒரு செடியின் விதையையோ கன்றையோ கேட்டு உறவுமுறைச் சொல்லோடு தொடங்கி ஒரு கடிதம் எழுதுக. விதையை எப்போது பறிக்க வேண்டும், எவ்வாறு உலர்த்த வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடுக.

எ. செய்து பார்க்க.
இரண்டு தொட்டிகளில் ஒரே நாளில் காஸ்மாஸ் விதையுங்கள். ஒன்றில் வாரம் ஒரு கைப்பிடி உரம் இடுங்கள். மற்றதில் உரம் இடாதீர்கள். செடியின் உயரம், முதல் அரும்பு தோன்றிய நாள், பூக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வாரந்தோறும் குறித்து, மூன்று மாதத்துக்குப் பின் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.